மினி மைக்ரோபோன் 2+: எல்.கே.ஜி. வகுப்பில் எவ்வளவு உதவும், எங்கே கைவிடும்

காது கேட்பதற்காக அறுவை சிகிச்சை செய்து உள்காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திய குழந்தையை ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகிறோம் என்றதும் வீட்டில் எழும் முதல் கவலை, "மிஸ் சொல்றது இவளுக்குக் கேக்குமா?" என்பதுதான். காக்ளியர் நிறுவனத்தின் மினி மைக்ரோபோன் 2+ அந்தக் கவலைக்காகவே வாங்கப்படுகிறது. ஆசிரியை தன் உடையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் இது. அவர் பேசுவது கம்பி எதுவும் இல்லாமல் நேரே குழந்தையின் புராசஸருக்கு, அதாவது இம்ப்ளாண்டுக்காக வெளியே அணியும் ஒலிக்கருவிக்கு, போகும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்கலாம். ஆனால் இது கொண்டுவருவது ஆசிரியையின் குரலை மட்டும்தான். எல்.கே.ஜி.யில் பாதிப் பாடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமிருந்து வருகிறது. அதைப் பிடித்துக்கொள்ளவும், கேட்காதபோது "கேக்கல" என்று வாய்விட்டுச் சொல்லவும் குழந்தையைப் பழக்காமல் மைக்கை மட்டும் பள்ளிக்கு அனுப்பினால் கொடுத்த காசில் பாதி வீண்.

பணம் கட்டும் முன் புராசஸரின் மாடலைப் பாருங்கள். காக்ளியர் நிறுவனத்தின் நியூக்ளியஸ் 6-லும் அதற்குப் பின் வந்த 7, 8 ஆகியவற்றிலும் இந்த மைக் வேலை செய்யும். நியூக்ளியஸ் 5-லும் அதற்கு முந்தையவற்றிலும் நேரடியாக இணையாது. தமிழ்நாட்டில் பல குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலோ இம்ப்ளாண்ட் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த புராசஸர் நிறுவனத்தின் புது மாடலாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அட்டையில் உள்ள மாடல் எண்ணை ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) காட்டி, "இதுல வயர்லெஸ் மைக் சேருமா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள். ஒரு காதில் இம்ப்ளாண்டும் மறு காதில் ரீசவுண்ட் நிறுவனத்தின் ஹியரிங் எய்டும் போட்டிருக்கும் குழந்தைக்கு இது இரட்டை லாபம். பொருந்தும் மாடலாக இருந்தால் இரண்டு காதுக்கும் இந்த ஒரே மைக் போதும்.

மைக் ஏன் தேவை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 65 டெசிபல் இருக்கும். தொலைவு இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் வந்து சேரும்போது 53. முப்பது பிள்ளைகள், இரண்டு சீலிங் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே ஹாரன் என்றால் வகுப்பின் இரைச்சல் 60-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, ஆசிரியையின் குரல் இரைச்சலுக்கு 7 டெசிபல் அடியில் அமுங்கிக் கிடக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நன்றாகக் காது கேட்கும் பிள்ளை விட்டுப்போன சொற்களை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மொழியையே இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கும் குழந்தையால் அது முடியாது. அதற்குப் பேச்சு, இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். வாயிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருக்கும் மைக்குக்கு அதே குரல் ஏறத்தாழ 79 டெசிபலாகக் கிடைக்கிறது. முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் இந்த வித்தியாசம் வந்துவிடாது. எல்.கே.ஜி. மிஸ் ஓரிடத்தில் நிற்பவரா என்ன?

மாட்டும் இடம்

அந்த 20 செ.மீ.தான் எல்லாம். இதன் கிளிப் காலரும் சட்டைப் பட்டியும் உள்ள உடையில் சிக்கலில்லாமல் உட்காரும். புடவையில்தான் சோதனை. பெரும்பாலும் ஆசிரியை இதைத் தோளில் பின் குத்திய மடிப்பில் மாட்டிக்கொள்வார், அங்கேதான் பிடிமானம் உண்டு என்பதால். அப்போது மைக் இடது தோளில் இருக்கும், வாய் நடுவில் இருக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே வலப்பக்கம் திரும்பி "இது என்ன எழுத்து?" என்று கேட்டால் குரல் மங்கிவிடும். முந்தானை மடிப்பு மைக்கின் துளைமேல் படிந்தால் முதலில் காணாமல் போவது ஸ், ஷ் போன்ற மெல்லிய ஒலிகள். கஞ்சி போட்ட காட்டன் புடவை உரசும் சரசரப்பும், தாலிச் செயினும் ஐ.டி. கார்டும் மைக்கில் மோதும் "டக் டக்"கும் பேச்சைவிடப் பெரிதாகக் குழந்தையின் காதில் விழும். காரணம் தெரியாத ஆசிரியை, "இன்னைக்கு ஏனோ காயிலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுறா" என்பார். (காயில் என்பது புராசஸரோடு சேர்ந்து, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பகுதி.)

பிளவுஸ் கழுத்தின் முன்நடு விளிம்பில், தாடையிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்டுவதுதான் சரியாக வருகிறது. சங்கடமாக இருக்கிறது என்றால் கழுத்தில் மாட்டும் நாடாவைக் குட்டையாக முடிச்சிட்டு அதே உயரத்தில் தொங்கவிடலாம். ஐ.டி. கார்டை இடுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்திவிட்டு மைக்கை நடுக்கழுத்தில் மாட்டலாம்.

இன்னொன்று. மைக் செங்குத்தாக நின்றால் மேலே வாய் இருக்கும் திசையிலிருந்து வருவதையே பெரும்பாலும் எடுக்கும். படுக்க வைத்தால் சுற்றிலும் உள்ள ஒலியை எல்லாம் எடுக்கும். இந்த மாற்றம் தானாக நடக்கும். நாடாவில் தொங்கும் மைக், ஆசிரியை குனிந்து நோட்டு திருத்தும்போது அப்படியே கிடையாகிவிடும். அந்த நேரத்தில் குழந்தைக்குப் போவது வகுப்பின் மொத்தக் கூச்சல். இதையே நல்லதாகவும் பயன்படுத்தலாம். ஐந்தாறு பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து கதை பேசும்போது மைக்கை நடுவில் படுக்க வைத்துவிட்டால் எல்லோர் குரலும் ஓரளவு வந்துவிடும். முப்பது பேர் வட்டத்துக்கு இது ஆகாது.

ஆசிரியையிடம் சொல்ல வேண்டியது

மைக்கை எப்போது போட வேண்டும் என்பது பலருக்குச் சொல்லாமலே புரியும். எப்போது அணைக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. தடையில்லாத இடத்தில் இதன் எல்லை 25 மீட்டர் வரை. அதாவது, ஆசிரியை வராந்தாவில் இன்னொரு மிஸ்ஸிடம் பேசுவதும், கழிப்பறைக் குழாய் ஓடுவதும், வேறொரு பிள்ளையைத் திட்டுவதும் குழந்தையின் தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கும். திட்டு தனக்குத்தான் என்று குழந்தை அழுததும் உண்டு. "மிஸ், வேற டேபிள் பிள்ளைங்ககிட்டத் தனியாப் பேசறப்ப இதை ஆஃப் பண்ணிடுங்க. அவங்களுக்குச் சொல்றது எல்லாம் இவளுக்கும் வந்துடும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வகுப்பு முழுவதற்கும் பேசும்போது மைக். மற்ற நேரத்தில் வேண்டாம். சாப்பாட்டு வேளையில் கட்டாயம் வேண்டாம். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் மோதும் இடத்தில் அது தண்டனை.

எல்லையைத் தாண்டி ஆசிரியை வெகுநேரம் போய்விட்டால் இணைப்பு விட்டுப்போகும். திரும்பி வந்ததும் புராசஸரின் பொத்தானையோ போன் ஆப்பையோ வைத்து மறுபடி தொடங்க வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தையால் இதைச் செய்ய முடியாது, விட்டுப்போனது என்று தெரியவும் தெரியாது. பொத்தானை எங்கே, எப்படி அழுத்திப் பிடிப்பது என்று வகுப்பாசிரியைக்கும் ஆயாம்மாவுக்கும் கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள். ஆப் வைத்திருப்பது அம்மாவின் போனில், அம்மா இருப்பதோ வீட்டில். இந்தக் கருவியில் எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

வகுப்பில் ஸ்மார்ட் டிவி இருந்தால் ரைம்ஸ் போடும்போது மைக்கை டிவியின் ஸ்பீக்கர் அருகில் வைத்துவிட்டால் போதும். இதில் ஆடியோ கேபிள் சொருகும் வசதியும் உண்டு. ஆனால் பல டிவிகளில் ஹெட்போன் துளையில் கேபிளைச் சொருகியதும் ஸ்பீக்கர் நின்றுவிடும். ஒரு குழந்தைக்குக் கேட்க, வகுப்புக்கே கேட்காமல் போகும்.

காலை மூன்று நிமிடம்

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் வகுத்த இந்தச் சோதனையை இம்ப்ளாண்ட் குழந்தைகளின் தாய்மார் பெரும்பாலோர் அறிவார்கள். ஒலி கேட்டதும் குழந்தை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது கை தூக்கவோ டப்பாவில் ஒரு பாசிமணியைப் போடவோ வேண்டும். செய்யும் முறையில்தான் தவறு வருகிறது. ஒரே வரிசையில் சொன்னால் குழந்தை மனப்பாடமாகச் சொல்லும். ஒரே இடைவெளியில் சொன்னால் காதால் கேட்காமல் தாளத்தை வைத்துக் கை தூக்கும். வாயைக் கையால் மூடினால் ஸ், ஷ் மழுங்கிப்போகும்; குழந்தைக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். நடுநடுவே ஒன்றும் சொல்லாமல் ஐந்தாறு விநாடி சும்மா இருங்கள். அப்போதும் குழந்தை டப்பாவில் பாசிமணியைப் போட்டால் அது ஊகிக்கிறது என்று பொருள்.

முதலில் மைக் இல்லாமல் ஒரு மீட்டரில், பிறகு மூன்று மீட்டரில். பிறகு மைக்கை மாட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், சாதாரணக் குரலில். இந்த வரிசை முக்கியம். மைக்கோடு மட்டும் சோதித்தால் புராசஸரின் சொந்த மைக் அடைத்திருப்பது தெரியாமலே போய்விடும். அன்று முழுவதும் குழந்தைக்கு மிஸ்ஸின் குரல் மட்டும் கேட்கும், பக்கத்துப் பிள்ளை ஊமைப்படம்தான். மைக் இல்லாமல் ஸ், ஷ் மட்டும் தவறினால் புராசஸரில் உள்ள மைக் உறையைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் படும் தலையில் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். மறு காதில் ஹியரிங் எய்டு இருந்து அது கீச்சிட்டால் இயர் மோல்டு (காதுக்குள் பொருத்தும் அச்சு) சிறுத்துவிட்டது, அதாவது காது வளர்ந்துவிட்டது. மைக்கோடு மட்டும் தவறினால் சார்ஜ், மாட்டிய இடம், இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். மைக்கின் சார்ஜ் ஒரு பள்ளி நாளுக்குத் தாராளமாக வரும். ராத்திரி புராசஸர் பேட்டரியைப் போடும் இடத்திலேயே இதையும் சார்ஜில் போடுகிற பழக்கம் வந்தால் மறக்காது.

ஆடியாலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: மைக்கின் குரலும் புராசஸரின் சொந்த மைக்கும் என்ன விகிதத்தில் கலக்கின்றன? மைக்குக்கு அதிக எடை கொடுத்தால் ஆசிரியையின் குரல் பளிச்சென்று வரும், பக்கத்துப் பிள்ளையின் பேச்சு பின்னுக்குப் போகும். பெரிய வகுப்பு மாணவனுக்கு அது சரி. எல்.கே.ஜி.க்கு இரண்டும் சமமாக வைத்துத் தொடங்கி, ஒரு மாதம் கழித்து ஆசிரியை சொல்வதைக் கேட்டு மாற்றுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஏப்ரல், மே இரண்டு மாதம்

மைக்கை ஜூனில் வாங்கி நேரே பள்ளியில் மாட்டாதீர்கள். வீட்டில் ஆறு முதல் எட்டு வாரம் பழக வேண்டும். காரணம், மைக்கில் வரும் குரலுக்குத் திசை கிடையாது. அம்மா சமையலறையில் இருந்தாலும் குரல் காதுக்குள்ளேயே கேட்கும். பழகாத குழந்தை திரும்பிப் பார்க்காது, தேடாது. பேசுவது யார் என்றே புரியாமல் விழிக்கும். கண்ணாமூச்சி ஆட்டம்தான் இதற்குச் சரியான பயிற்சி. மைக்கோடு ஒளிந்துகொண்டு, "நான் கதவுப் பக்கத்துல இருக்கேன், சிவப்பா ஏதோ தொங்குது" என்று சொல்லுங்கள். குரலை வைத்துத் தேடாமல் சொன்ன செய்தியை வைத்துத் தேடக் குழந்தை கற்றுக்கொள்ளும். தினம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் நாள் முழுக்க மைக்கை மாட்டிவைப்பது தவறு. தூரத்துப் பேச்சை, பாட்டியும் தாத்தாவும் தமக்குள் பேசிக்கொள்வதை, ஒட்டுக்கேட்டுக் கற்கும் வாய்ப்பை அது அடைத்துவிடும்.

அடுத்தது "கேக்கல". விளையாட்டின் நடுவே புராசஸரை அணைத்துவிட்டு உதட்டை மட்டும் அசையுங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினால், வகுப்பிலும் அதையேதான் செய்யும். ஆசிரியையும் "எல்லாம் புரியுது, நல்லாத் தலையாட்டுறா" என்று நம்பிவிடுவார். காதைத் தொட்டுக் காட்டி "கேக்கல" என்று நீங்களே சொல்லிக் காட்டி, குழந்தை சொன்னதும் உடனே இயக்கிக் கொடுங்கள். வாரத்தில் நான்கைந்து முறை, வெவ்வேறு நேரத்தில். "பேட்டரி போச்சு", "காயில் விழுந்துச்சு", "மிஸ், மைக்" ஆகிய மூன்றும் இதோடு வந்துவிட வேண்டும். விழுந்த காயிலைக் கண்ணாடி பார்க்காமல் தானே ஒட்டிக்கொள்வதும் பள்ளிக்கு முன் வர வேண்டிய திறமை. மூன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகளால் முடியும்.

பேச்சுத் தெரபியில் கெட்டிக்காரக் குழந்தையும் வகுப்பில் முதல் வாரம் தடுமாறுவது "எல்லாரும்" என்ற ஒரு சொல்லில். ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியே பழகிய குழந்தைக்கு "எல்லாரும் புக்கை மூடுங்க" என்பதில் தானும் அடக்கம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரைச் சேர்த்து, பெயர் சொல்லாமல், "எல்லாரும் ஷூ போடுங்க", "பாய்ஸ் மட்டும் உக்காருங்க", "சிவப்புச் சட்டை போட்டவங்க வாங்க" என்று விளையாடுங்கள். பள்ளி ஆங்கில வழி என்றால், தமிழில் மொழி கற்ற குழந்தைக்கு வகுப்பின் இருபது முப்பது கட்டளைகள் புதுச் சத்தங்களாகத்தான் விழும். சிட் டவுன், ஸ்டாண்ட் இன் லைன், க்ளோஸ் யுவர் புக்: அந்தப் பட்டியலை ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, செய்கை காட்டாமல் காதால் மட்டும் புரியும்வரை பழக்குங்கள். ஜூன் மாதத்து வகுப்பறை இரைச்சலில் புதுச் சொல்லைக் கற்பது கடினம். தெரிந்த சொல்லை அடையாளம் காண்பது எளிது.

மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திலோ, சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா போன்ற, காது கேளாத இளஞ்சிறார்களுக்கான பள்ளியிலோ பயிற்சி பெறும் குழந்தை என்றால், இந்தப் பயிற்சிகளை உங்கள் ஆசிரியரிடம் சொல்லி அன்றாடப் பாடத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

மைக்கால் ஆகாதது

பின்வரிசையில் ஒரு பிள்ளை பதில் சொல்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், இம்ப்ளாண்ட் குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கணம் தாமதமாகச் சிரிக்கிறது. மிஸ்ஸின் மைக் இதற்கு ஒன்றும் செய்யாது. "கார்த்தி என்ன சொன்னான்? நாய்க்குட்டி பார்த்தானாம்" என்று ஆசிரியை ஒவ்வொரு பதிலையும் தன் வாயால் திருப்பிச் சொன்னால் மட்டுமே அது குழந்தைக்குப் போய்ச் சேரும். ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டிப் பேசும் நேரத்தில் பேசும் பிள்ளையின் கையிலேயே மைக்கைக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அது மேடை மைக் மாதிரி, ஆசையாகப் பேசுவார்கள்.

அறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், தரையில் ஜமுக்காளம், சத்தம் போடும் ஃபேனுக்கு நேர்கீழே இல்லாத இடம், ஜன்னல் வெளிச்சம் ஆசிரியையின் முதுகில் விழாமல் முகத்தில் விழும் அமைப்பு. அங்கீகாரம் பெற்ற பள்ளி இதற்கெல்லாம் தயங்கினால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதரச் சொல்கிறது என்பதைத் தன்மையாக எடுத்துச் சொல்லலாம்.

வேறு கருவிகள் பற்றிச் சுருக்கமாக. ஃபோனாக்கின் ரோஜர் வகை, வகுப்பில் இரைச்சல் கூடக் கூட ஆசிரியை குரலின் அளவையும் தானே ஏற்றிக்கொள்ளும். பிள்ளைகள் கைமாற்றிக்கொள்ளும் தனி மைக்கையும் அதில் சேர்க்கலாம். வசதியில் அது ஒருபடி மேல். செலவும் மேல், பல புராசஸர்களுக்கு ரிசீவர் தனியாக வாங்க வேண்டும். மெட்-எல் நிறுவனத்தின் இம்ப்ளாண்ட் பொருத்திய குழந்தைகளுக்கு ஆடியோலிங்க், ஓட்டிகான் ஹியரிங் எய்டு போட்ட குழந்தைகளுக்கு எடுமைக். ஒரு நிறுவனத்தின் புராசஸருக்கு இன்னொரு நிறுவனத்தின் மைக் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் சேராது.

இம்ப்ளாண்ட் இயக்கி ஆறு மாதம்கூட ஆகாத, மேப்பிங் (புராசஸரின் ஒலி அளவுகளைக் குழந்தைக்கு ஏற்ப அமைப்பது) இன்னும் நிலைப்படாத குழந்தைக்கு இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணமும் நேரமும் முதலில் மேப்பிங்குக்கும் தெரபிக்கும் போகட்டும். ஆறு ஒலிகளும் மூன்று மீட்டரில் நிலையாக வந்தபின் மைக்கைப் பற்றி யோசிக்கலாம்.

வகுப்பாசிரியை விடுப்பில் போகும் நாளில் எல்லாம் நின்றுபோகும். அந்த நாளுக்காக ஒரு தாளில் இதை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்:

"மிஸ், வணக்கம். மைக் நீல டப்பாவில் இருக்கிறது. கழுத்துக்கு நடுவில், தாடைக்கு ஒரு சாண் கீழே, நிமிர்த்தி மாட்டுங்கள். ஐ.டி. கார்டு அதில் மோதக் கூடாது. வகுப்புக்குப் பேசும்போது மட்டும் ஆன். வராந்தா, கழிப்பறை, சாப்பாடு: ஆஃப். மாட்டியதும் அவளுக்குப் பின்னால் நின்று, 'மூக்கைத் தொடு' என்று மெதுவாகச் சொல்லுங்கள். தொட்டால் கேட்கிறது. தொடாவிட்டால் புராசஸர் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். அப்போதும் தொடவில்லை என்றால் மைக்கை எடுத்து வைத்துவிட்டு, அவள் முகம் பார்த்துப் பக்கத்தில் நின்று பேசுங்கள். மாற்று பேட்டரி பையின் முன் ஜிப்பில் இருக்கிறது."